கேபிளும் கேள்வியும்: சுவிட்ச்சில் ஆக்சஸ் லிஸ்ட்

சென்ற இதழில் ஒரே சுவிட்ச்சை விலேன்களாக, அதாவது தனித்தனி நெட்வொர்க்குகளாக, பிரிப்பது பற்றி எழுதியிருந்தேன். பிரித்து முடித்தவர்கள் இப்போது அடுத்த கேள்வியோடு வந்திருக்கிறார்கள்: ஒரு விலேனிலிருந்து இன்னொன்றுக்கு யார் போகலாம், யார் போகக் கூடாது என்று எங்கே எழுதுவது? அதற்குத்தான் ஆக்சஸ் லிஸ்ட்: எந்தப் பாக்கெட்டை (நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டை) விடலாம் (பெர்மிட்), எதைத் தடுக்கலாம் (டினை) என்று வரி வரியாக எழுதும் பட்டியல். எழுதியவர்களில் பாதிக்கு மேல் சிஸ்கோ கம்பெனியின் கேட்டலிஸ்ட் சுவிட்ச் வைத்திருப்பதால் கட்டளைகளை அந்த முறையிலேயே தருகிறேன். வேறு கம்பெனிச் சுவிட்ச்சில் சொற்கள் மாறும். யோசிக்க வேண்டிய விதம் மாறாது.

கேள்வி: ஐயா, எங்கள் கல்லூரியில் லேப் விலேன் 20, முகவரி 192.168.20.0. அலுவலகம் விலேன் 50, முகவரி 192.168.50.0. கம்ப்யூட்டர்களுக்கு ஐபி முகவரி தரும் டிஹெச்சிபி, தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் இரண்டும் 192.168.50.5 சர்வரில் ஓடுகின்றன. மாணவர்கள் அலுவலகப் பக்கம் போகக் கூடாது, 192.168.50.10இல் உள்ள வருகைப் பதிவுப் பக்கம் மட்டும் திறக்க வேண்டும். அதை அனுமதிக்க ஒரு வரி, மற்ற அலுவலக முகவரிகளைத் தடுக்க ஒரு வரி எழுதி, விலேன் 20 இன்டர்ஃபேசில் (சுவிட்ச்சில் அந்த விலேனின் வாசலில்) 'இன்' என்று போட்டேன். உடனே லேப்பில் இன்டர்நெட் போய்விட்டது. மறுநாள் காலை எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஐபியே வரவில்லை. லிஸ்ட்டை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறது. சுவிட்ச் பழுதா?
- லேப் பொறுப்பாளர், சிவகாசி

பதில்: சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் இரண்டு வரி எழுதினீர்கள், அது மூன்று வரியாகப் படித்தது. எந்த ஆக்சஸ் லிஸ்ட்டின் அடியிலும் 'டினை ஐபி எனி எனி' என்று ஒரு வரி கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து கீழே வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்து, முதலில் பொருந்தும் வரியோடு சுவிட்ச் நின்றுவிடும். எதுவும் பொருந்தாவிட்டால் இந்த அடிவரியில் விழும். லேப்பிலிருந்து இன்டர்நெட்டுக்குப் போகும் பாக்கெட் உங்கள் இரண்டு வரியிலும் பொருந்தவில்லை. அவ்வளவுதான்.

ஐபி வராத கதை இன்னும் சுவாரசியமானது. காலையில் ஆன் ஆகும் கம்ப்யூட்டருக்கு முகவரி கிடையாது. அது 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து 255.255.255.255க்கு, யூடிபி முறையில் (இணைப்பு ஏற்படுத்தாமல் அனுப்புவது; இணைப்பு ஏற்படுத்திப் பேசுவது டிசிபி) 68ஆம் போர்ட்டிலிருந்து 67ஆம் போர்ட்டுக்கு (இங்கே போர்ட் என்பது சேவையைக் குறிக்கும் எண், கேபிள் செருகும் இடம் அல்ல), ஐபி கேட்டுக் குரல் கொடுக்கும். உங்கள் வரிகள் இரண்டும் 192.168.20 என்று தொடங்கும் முகவரிகளுக்கு மட்டும். 0.0.0.0 அதில் எங்கே சேரும்? அதையும் அடிவரி விழுங்கிவிட்டது. 'இந்தக் குரலை வேறு விலேனில் உள்ள சர்வருக்குக் கொண்டுபோகும் ஹெல்பர் அட்ரஸ் போட்டிருக்கிறேனே' என்பீர்கள். ஹெல்பர் அந்தப் பாக்கெட்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே ஆக்சஸ் லிஸ்ட் அதைப் பார்த்துவிடுகிறது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

10 பெர்மிட் யூடிபி எனி ஈக்யூ 68 எனி ஈக்யூ 67
20 பெர்மிட் யூடிபி 192.168.20.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.50.5 ஈக்யூ 53
30 பெர்மிட் டிசிபி 192.168.20.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.50.5 ஈக்யூ 53
40 பெர்மிட் டிசிபி 192.168.20.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.50.10 ஈக்யூ 443
50 டினை ஐபி 192.168.20.0 0.0.0.255 192.168.0.0 0.0.255.255
60 பெர்மிட் ஐபி 192.168.20.0 0.0.0.255 எனி

எனி என்றால் யாரானாலும், ஹோஸ்ட் என்றால் அந்த ஒரு முகவரி மட்டும், ஈக்யூ என்றால் அந்தப் போர்ட் எண் மட்டும். 0.0.0.255 என்றால் கடைசி எண் எதுவாகவும் இருக்கலாம். 53 டிஎன்எஸ், 443 பாதுகாப்பான வலைப்பக்கம். கேட்டலிஸ்ட்டில் அடிக்கும்போது இவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

10ஆம் வரியில் இரண்டு பக்கமும் எனி என்று விட்டதற்குக் காரணம் உண்டு. சிலர் அதை இறுக்கி, 0.0.0.0இலிருந்து 255.255.255.255க்கு மட்டும் என்று எழுதுவார்கள். காலையில் ஐபி வரும். ஆனால் லீஸ் காலத்தில் (அந்த ஐபியை வைத்துக்கொள்ளத் தந்த காலத்தில்) பாதி கழிந்ததும் கம்ப்யூட்டர் தன் சொந்த முகவரியிலிருந்து நேராக 192.168.50.5ஐக் கேட்டு லீஸைப் புதுப்பிக்கப் பார்க்கும். விண்டோஸ் சர்வரில் லீஸ் வழக்கமாக 8 நாள். இரவும் பகலும் ஓடும் கம்ப்யூட்டராக இருந்தால் 4ஆம் நாள் அந்தக் கோரிக்கை 50ஆம் வரியில் மாட்டிக்கொள்ளும். போட்ட அன்று எல்லாம் சரியாக இருந்ததால் யாருக்கும் ஆக்சஸ் லிஸ்ட் மேல் சந்தேகம் வராது.

டிஎன்எஸ் சர்வரும் அலுவலக விலேனில் இருப்பதால் 20, 30 வரிகள் கட்டாயம் 50க்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்டர்நெட் திறந்தே இருந்தாலும் எந்தத் தளத்தின் பெயரும் முகவரியாக மாறாது. மாணவர்கள் 'நெட் இல்லை சார்' என்றுதான் சொல்வார்கள். டிஎன்எஸ்ஸுக்கு யூடிபி போதும் என்று நினைக்காதீர்கள். பதில் பெரிதாகிவிட்டால் டிசிபிக்கு மாறும்.

50ஆம் வரியில் அலுவலகத்தை மட்டும் தடுக்காமல் 192.168 முழுவதையும் தடுத்திருக்கிறேன். நாளை நீங்கள் கேமராவுக்கென்று ஒரு விலேன் சேர்த்தால் அதுவும் தானாகத் தடைக்குள் வந்துவிடும். ஒரு பக்க விளைவு: லேப்பிலிருந்து 192.168.20.1க்கு, அதாவது லேப்பின் வெளிவாசலான கேட்வேக்கே, பிங் (ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சோதனை) போகாது. கேட்வேயின் வன்பொருள் (மேக்) முகவரியைக் கண்டுபிடிக்கும் ஏஆர்பி என்பது ஐபி பாக்கெட் அல்ல என்பதால் அது தடைபடாது, இன்டர்நெட்டும் ஓடும். ஆனால் பிங் போகவில்லை என்றதும் யாராவது கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். அதனால் 45 என்று எண் கொடுத்து, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பிக்கு மட்டும் ஹோஸ்ட் 192.168.20.1க்குப் போக அனுமதி சேருங்கள். வரிகளுக்குப் பத்துப் பத்தாக எண் இருப்பது இப்படி நடுவில் நுழைக்கத்தான்.

'இன்' போட்டது சரி. இதில் குழம்புபவர்கள் சுவிட்ச்சின் வயிற்றுக்குள் உட்கார்ந்து பாருங்கள்: விலேன் 20இல் உள்ள கம்ப்யூட்டர் அனுப்பியது உங்களிடம் வந்தால் அது இன், நீங்கள் விலேன் 20க்குள் தள்ளினால் அது அவுட். அலுவலகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக விலேன் 50இல் இன் போட்டு, வரிகளில் லேப் முகவரியை அனுப்புபவராக எழுதிவிட்டு, 'ஒன்றுமே பொருந்தவில்லை' என்பவர்கள் நிறையப் பேர். லேப் முகவரியோடு ஒரு பாக்கெட் விலேன் 50 கதவு வழியாக எப்படி உள்ளே வரும்?

கேள்வி: 192.168.20.0 255.255.255.0 என்றுதான் டினை வரி எழுதினேன். சுவிட்ச் பிழை என்று சொல்லவில்லை. ஆனால் யாரையும் தடுக்கவும் இல்லை.
- கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர், திண்டுக்கல்

பதில்: இங்கே கேட்பது சப்நெட் மாஸ்க் இல்லை, வைல்டுகார்டு மாஸ்க். 0 என்றால் 'கட்டாயம் பொருந்த வேண்டும்', 255 என்றால் 'எதுவாக இருந்தாலும் பரவாயில்லை'. உங்கள் வரிக்கு அர்த்தம், முதல் மூன்று எண்கள் எதுவாகவும் இருக்கலாம், கடைசி எண் 0 ஆக இருக்க வேண்டும் என்பது. அப்படி முடியும் முகவரி உங்கள் கடையில் எந்தக் கம்ப்யூட்டருக்கு இருக்கிறது? லிஸ்ட்டைத் திரும்பக் காட்டச் சொல்லுங்கள், 0.0.0.0 255.255.255.0 என்று சுவிட்ச் அதை மாற்றி எழுதி வைத்திருக்கும். அதே சிஸ்கோவின் ஏஎஸ்ஏ ஃபயர்வாலில் சாதாரண மாஸ்க்தான் எழுத வேண்டும். ஒரே கம்பெனிக்குள் ஏன் இந்த வேற்றுமை என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்கும் அதில் கோபம்தான்.

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். கேமராக்கள் விலேன் 60இல், 192.168.60.0. கேமராப் படங்களைப் பதியும் என்விஆர் அலுவலக விலேனில், 192.168.50.20. கேமராக்கள் வெளியே எங்கும் போகக் கூடாது, என்விஆரோடு மட்டும் பேச வேண்டும். கேமராவிலிருந்து என்விஆருக்கு டிசிபி 554 அனுமதி எழுதினேன். எல்லாக் கேமராவும் ஆஃப்லைன். நண்பர் சொன்னபடி 554ஐ எடுத்துவிட்டு 'எஸ்டாப்ளிஷ்ட்' சேர்த்தேன். இப்போது ஆன்லைன் என்று காட்டுகிறது, படம் மட்டும் கருப்பாக இருக்கிறது.
- திருப்பூர் வாசகர்

பதில்: இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இரண்டு தவறும் வெவ்வேறு பாடம்.

முதலில் 554. யார் பேச்சை ஆரம்பிக்கிறார்கள் என்று பாருங்கள். என்விஆர்தான் கேமராவின் 554ஆம் போர்ட்டைத் தட்டுகிறது. கேமரா பதில் அனுப்பும்போது 554 என்பது அனுப்பும் பக்கத்து எண். போய்ச் சேரும் பக்கத்தில் இருப்பது என்விஆர் அந்த நேரத்துக்கு எடுத்துக்கொண்ட ஏதோ ஒரு பெரிய எண். நீங்கள் 554ஐ வரியின் கடைசியில், என்விஆர் முகவரிக்குப் பிறகு எழுதினீர்கள். கேமரா முகவரிக்குப் பிறகு வர வேண்டியது அது.

சுவிட்ச்சில் உள்ள இந்த லிஸ்ட்டுக்கு நினைவு கிடையாது. இது பழைய பேச்சின் பதிலா, புதிதாக ஆரம்பிக்கும் பேச்சா என்று அது குறித்து வைத்துக்கொள்வதில்லை. ஃபயர்வால் செய்யும் வேலை அது. எஸ்டாப்ளிஷ்ட் என்ற சொல் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது: டிசிபி தலைப்பில் ஆக் (வந்தது என்று ஒப்புக்கொள்வது) அல்லது ஆர்எஸ்டி (பேச்சை முறிப்பது) பிட் இருந்தால் விடும். பேச்சைத் தொடங்கும் முதல் பாக்கெட்டில் இரண்டும் இருக்காது என்பதால், கேமரா தானாக ஆரம்பிக்க முடியாது, பதில் மட்டும் சொல்லலாம். வேண்டுமென்றே ஆக் பிட்டைப் போட்டு அனுப்புகிறவனை இது தடுக்காது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி கருப்புப் படம். 554ஆம் போர்ட்டில் ஓடும் ஆர்டிஎஸ்பி என்பது 'படத்தை அனுப்பு, நிறுத்து' என்று பேசிக்கொள்ளும் வழி மட்டும். அது டிசிபியில் போகிறது, அதனால் ஆன்லைன் என்று காட்டுகிறது. படம் தனியாக யூடிபியில் வரலாம், போர்ட் எண்களை இருவரும் அப்போதைக்கு அப்போது பேசி முடிவு செய்துகொள்வார்கள். யூடிபிக்கு ஆக் பிட் என்று ஒன்றே இல்லை, எஸ்டாப்ளிஷ்ட் உதவாது. என்விஆர் அமைப்பில் டிசிபி வழியாகப் படம் வாங்கு என்று மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் லிஸ்ட்டில் இடம் கொடுங்கள்:

10 பெர்மிட் டிசிபி 192.168.60.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.50.20 எஸ்டாப்ளிஷ்ட்
20 பெர்மிட் யூடிபி 192.168.60.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.50.20
30 பெர்மிட் யூடிபி 192.168.60.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.50.20 ஈக்யூ 123

நன்றாகப் படிப்பவர்கள் 30ஆம் வரி வீண் என்று கண்டுபிடித்திருப்பார்கள், 20ஆம் வரியே அதை அனுமதித்துவிட்டது. வேண்டுமென்றேதான் வைத்தேன். டிசிபிக்கு மாறி 20ஐ எடுக்கும் நாளில் 30 தேவைப்படும். 123 என்பது நேரம் கேட்கும் என்டிபி. உங்கள் என்விஆரே கேமராக்களுக்கு நேரம் சொல்கிறது என்று வைத்து எழுதியிருக்கிறேன். வேறு சர்வர் சொல்கிறதென்றால் அந்த முகவரியை இப்போதே போடுங்கள். இதை மறந்தால் கேமராக் கடிகாரங்கள் மெல்ல விலகும். குடோனில் துணி காணாமல் போன அன்று படத்தில் ஒரு நேரமும் கேட் பதிவேட்டில் ஒரு நேரமும் இருந்தால் யார் பதில் சொல்வது?

இங்கே கடைசியில் 'பெர்மிட் எனி' வேண்டாம். அடிவரித் தடைதான் உங்களுக்குத் தேவை. இன்னொன்று, முதலாளி போனில் ஆப் வைத்து நேரடியாகக் கேமராவைப் பார்க்கிறவராக இருந்தால், அந்த ஆப் கேமரா வெளியே கிளவுடுக்குப் போவதை நம்பி ஓடுகிறது. லிஸ்ட் போட்டதும் நின்றுவிடும். முதலில் அவரிடம் சொல்லிவிட்டு, என்விஆர் வழியாகப் பார்க்க மாற்றிக் கொடுத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

கேள்வி: ஓசூர் ஆபீசிலிருந்து கிருஷ்ணகிரி குடோன் சுவிட்ச்சில் பழைய லிஸ்ட்டை 'நோ' போட்டு நீக்கிவிட்டு, திருத்திய வரிகளை ஒவ்வொன்றாக அடித்தேன். முதல் வரி அடித்ததுமே, நான் உள்ளே நுழைந்திருந்த எஸ்எஸ்ஹெச் இணைப்பு உறைந்துவிட்டது. பஸ் ஏறிப் போக வேண்டியதாயிற்று.
- நெட்வொர்க் டெக்னீஷியன், ஓசூர்

பதில்: லிஸ்ட்டை நீக்கினீர்கள், இன்டர்ஃபேசிலிருந்து அதை எடுக்கவில்லை. லிஸ்ட் இல்லாதபோது சுவிட்ச் எல்லாவற்றையும் விட்டுவிடும், அதனால் நீக்கியதும் ஒன்றும் ஆகவில்லை. முதல் வரி வந்த நொடியில் அது மறுபடி லிஸ்ட் ஆகிவிட்டது, அடிவரித் தடையோடு சேர்த்து. உங்கள் எஸ்எஸ்ஹெச் அந்த முதல் வரியில் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் லிஸ்ட்டைக் கலைக்காதீர்கள். வேறு பெயரில் முழுதாகப் புதிதாக ஒன்று எழுதி, படித்துப் பார்த்து, கடைசியில் இன்டர்ஃபேசில் ஒரே கட்டளையில் பெயரை மாற்றுங்கள். அதற்கும் முன்னால், இருக்கும் கான்ஃபிகைச் சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 10' கொடுங்கள். 10 நிமிடத்தில் சுவிட்ச் தானாக ரீஸ்டார்ட் ஆகி, சேமித்த பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்' கொடுத்துவிட்டுச் சேமியுங்கள். நடுவில் பழக்கதோஷத்தில் சேமித்துவிட்டால் இந்த வித்தை பலிக்காது. ரீஸ்டார்ட் ஆகும் சில நிமிடம் குடோனில் பில் போட முடியாது என்பதால் வேலை நேரத்தில் செய்ய வேண்டாம். ஜூனிப்பர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை: 'கமிட் கன்ஃபர்ம்ட்' கொடுத்து, 10 நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அதுவே பழையபடி திரும்பும், ரீஸ்டார்ட் இல்லாமல். இந்த ஒன்றுக்காகவே எனக்கு அந்தச் சுவிட்ச் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் விடுதியில் எல்லா அறையும் ஒரே விலேன். ஒரு அறைக் கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேசக் கூடாது என்று விலேன் இன்டர்ஃபேசில் லிஸ்ட் போட்டேன், பலன் இல்லை. சில போன்களை மேக் முகவரி வைத்துத் தடுக்கவும் முயன்றேன், மறுநாளே வந்துவிடுகின்றன.
- விடுதி நெட்வொர்க் பொறுப்பாளர், தஞ்சாவூர்

பதில்: ஒரே விலேனுக்குள் போகும் பாக்கெட் விலேன் இன்டர்ஃபேசை மிதிப்பதே இல்லை, ஒரு போர்ட்டில் வந்து இன்னொரு போர்ட்டில் போய்விடுகிறது. அதைப் பிடிக்க லிஸ்ட்டைச் சுவிட்ச் போர்ட்டிலேயே (கேபிள் செருகும் இடத்திலேயே) போட வேண்டும். 2960, 3560 போன்ற பழைய கேட்டலிஸ்ட்டில் போர்ட்டில் இன் மட்டும்தான் போடலாம், அது போதும். குறைந்தபட்சம் விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்கான டிசிபி 445ஐயாவது அறைகளுக்கு இடையே மூடுங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்த வழியாகத்தான். அறைகள் ஒன்றோடொன்று பேசவே தேவையில்லை என்றால் லிஸ்ட்டே வேண்டாம், 'சுவிட்ச்போர்ட் ப்ரொடெக்டட்' போதும். ஆனால் அது ஒரே சுவிட்ச்சுக்குள் மட்டும். மாடிக்கு ஒரு சுவிட்ச் இருந்தால், அதையே பல சுவிட்ச்சுகளிலும் செய்யும் பிரைவேட் விலேன் பாருங்கள். ஒரே வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டில் உள்ள இரண்டு போன்கள் பேசிக்கொள்வது சுவிட்ச் வரைக்கும் வராமலே போகலாம், அதை ஆக்சஸ் பாயின்ட்டிலேயே ஐசொலேஷன் போட்டு நிறுத்த வேண்டும்.

மேக் முகவரியை விட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபையில் மாற்று மேக் முகவரியைத்தான் காட்டுகின்றன. போதாததற்கு, அந்த வகைக் கேட்டலிஸ்ட்டில் மேக் ஆக்சஸ் லிஸ்ட் ஐபி பாக்கெட்டுகளைக் கண்டுகொள்வதே இல்லை. வைஃபைக்கு ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு வைப்பதுதான் வழி.

கேள்வி: எங்கள் 3560இல் 'ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ்' கொடுத்தால் தடுத்த எண்ணிக்கை ஏறவே இல்லை. ஆனால் தடுப்பது நடக்கிறது. எதை நம்புவது?
- ஈரோடு வாசகி

பதில்: நடப்பதை நம்புங்கள். உங்கள் 3560இல் லிஸ்ட்டைச் சரிபார்ப்பது டிகேம் என்ற தனி மெமரிச் சில்லு; அந்தக் கட்டளை காட்டுவது சிபியு கைக்கு வந்த பாக்கெட்டுகளை மட்டும். 'ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ் ஹார்டுவேர் கவுன்டர்ஸ்' கொடுத்துப் பாருங்கள். எண்ணிக்கை தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு வரியிலும் 'லாக்' சேர்க்காதீர்கள். அந்தப் பாக்கெட்டுகள் சிபியுவுக்கு ஏறி, சுவிட்ச்சே திணறும்.

கேள்வி: சிஸ்கோவின் சிசிஎன்ஏ தேர்வுக்குப் படிக்கிறேன். ஸ்டாண்டர்டு, எக்ஸ்டெண்டட் எண்கள் மறந்துபோகின்றன. எதை எங்கே போடுவது?
- மாணவர், நாகர்கோவில்

பதில்: ஸ்டாண்டர்டு 1 முதல் 99, பிறகு 1300 முதல் 1999. எக்ஸ்டெண்டட் 100 முதல் 199, பிறகு 2000 முதல் 2699. ஸ்டாண்டர்டு அனுப்புபவரை மட்டும் பார்க்கும், எங்கே போகிறார் என்று பார்க்காது. தொடக்கத்திலேயே போட்டால் போகக் கூடிய இடங்களுக்கும் போக முடியாமல் போகும், அதனால் சேருமிடத்துக்கு அருகில். எக்ஸ்டெண்டட் இரண்டையும் பார்க்கும், அனுப்புபவருக்கு அருகிலேயே நிறுத்திவிடலாம். இதெல்லாம் தேர்வுக்கு. வேலையில் பெயர் வைத்து எழுதுங்கள், ஒவ்வொரு பகுதிக்கும் மேலே 'ரிமார்க்' போட்டு யாருக்காகத் திறந்தது என்று எழுதி வையுங்கள். 101 என்ற லிஸ்ட் எதற்கு என்று அடுத்த வருடம் உங்களுக்கே தெரியாது.

கேள்வி: போன வருடம் நீங்கள் சொன்னபடி லேப்பைத் தடுத்தேன். இப்போது சுவிட்ச்சில் ஐபிவி6 ரூட்டிங் போட்டபின் மாணவர்கள் அலுவலகப் பிரிண்டரில் அச்சடிக்கிறார்கள்!
- கணினித் துறை ஆசிரியர், காரைக்குடி

பதில்: ஐபிவி4க்கு (192.168 போன்ற பழைய வகை முகவரிகளுக்கு) எழுதிய லிஸ்ட் ஐபிவி6 பாக்கெட்டைப் பார்க்காது. தனியாக ஐபிவி6 லிஸ்ட் எழுதி, 'ஐபிவி6 டிராஃபிக்-ஃபில்டர்' என்று விலேன் இன்டர்ஃபேசில் போட வேண்டும். வைல்டுகார்டு கிடையாது, முகவரியில் எத்தனை பிட் பொருந்த வேண்டும் என்பதை /64 என்று நேராக எழுதலாம். அந்த அளவுக்கு நிம்மதி.

ஒரு இடத்தில் கவனம். இதன் அடிவரித் தடைக்கு மேலே, பக்கத்து முகவரிகளைக் கண்டுபிடிக்கும் நெய்பர் டிஸ்கவரி பாக்கெட்டுகளுக்கு அனுமதி தரும் இரண்டு வரிகளும் ஒளிந்திருக்கும். ஐபிவி6இல் ஏஆர்பி இல்லை, அந்த வேலையை ஐசிஎம்பி பாக்கெட்டுகள்தான் செய்கின்றன. நீங்கள் பார்வைக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று 'டினை ஐபிவி6 எனி எனி' என்று கடைசியில் கையால் எழுதினால், அது அந்த ஒளிந்த அனுமதிகளுக்கு முன்னால் வந்துவிடும்; லேப்புக்குக் கேட்வேயே தெரியாமல் போகும். எழுதியே ஆக வேண்டும் என்றால் அதற்கு மேலே 'என்டி-என்ஏ', 'என்டி-என்எஸ்' (நெய்பர் டிஸ்கவரியின் பதிலும் கேள்வியும்) இரண்டையும் நீங்களே அனுமதியுங்கள். 'பாக்கெட்-டூ-பிக்' ஐசிஎம்பி செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐபிவி6இல் நடுவழி ரூட்டர் பெரிய பாக்கெட்டை உடைத்து அனுப்பாது என்பதால், அந்தச் செய்தி வராவிட்டால் சின்னப் பக்கங்கள் திறந்து பெரிய ஃபைல்கள் தொங்கும். பிரிண்டருக்கு இதுவரை அடித்த தாளுக்கு யார் காசு என்பது உங்கள் துறைத் தலைவர் பாடு.